குடவோலை முதல் எக்ஸெல் வரை



உத்திரமேரூர் என்றாலே குடவோலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரையும், கணக்குக் காட்டாதவர் பெயரையும் எழுதக்கூடாது. ஒரே ஆள் இரண்டு விதமான பெயரில் நுழைந்தால் இந்த விதிகளுக்கு என்ன மதிப்பு? யோசித்துப் பாருங்கள்!

இன்று ஓலைக்குப் பதில் கம்ப்யூட்டர். ஆனா சிக்கல் அதேதான். மார்க் ஷீட்டில் ‘குமார் எஸ்’, பாஸ்புக்கில் ‘எஸ்.குமார்’, விண்ணப்பத்தில் ‘எஸ் . குமார்’. நமக்கு மூணும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூணு பேர். என்னோடு படிக்கும் ஒரு தோழிக்கு இந்த வித்தியாசத்தால் உதவித்தொகை ஒரு செமஸ்டர் முழுக்க நின்றுபோனது. பரீட்சைக் கட்டணத்துக்கு அவங்க அப்பா வட்டிக்குக் கடன் வாங்கினார். ஒரு புள்ளியின் விலை அது!

எக்ஸெலில் தயாராக உள்ளவை

‘ட்ரிம்’ கூடுதல் இடைவெளிகளை நீக்கும். ‘ப்ராப்பர்’ ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்கும். ‘சப்ஸ்டிட்யூட்’ ஒன்றை எடுத்து வேறொன்றை வைக்கும். ஆனால் இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று இவற்றுக்குத் தெரியாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக வைப்பது நம்ம வழக்கம். அதற்கு நாமே ஒரு பங்ஷன் எழுத வேண்டியதுதான்.

சொந்த பங்ஷன் எழுதும் முறை

ஆல்ட் விசையோடு எஃப்11 விசையை அழுத்தினால் விஷுவல் பேஸிக் திரை வரும். இன்சர்ட் மெனுவில் மாட்யூல் எடுத்து, ‘பெயர்சீர்’ என்று ஒரு பங்ஷன் தொடங்குங்கள். உள்ளே இந்த வரிசையில் செய்யவும்:

1. 160 என்ற எண் கொண்ட இடைவெளியைச் சாதாரண இடைவெளியாக மாற்றவும். வெப்சைட்டிலிருந்து காப்பி செய்த பட்டியலில் இது ஒளிந்திருக்கும். ‘ட்ரிம்’ இதைத் தொடாது.

2. புள்ளிகளை இடைவெளியாக்கவும்.

3. ‘ட்ரிம்’ செய்யவும். இங்கே கவனம் தேவை. விஷுவல் பேஸிக்கின் ‘ட்ரிம்’ இரண்டு ஓரங்களை மட்டுமே வெட்டும். நடுவில் உள்ளதை விட்டுவிடும். ஒர்க்ஷீட்டின் ‘ட்ரிம்’மையே அழைக்க வேண்டும்.

4. ‘ஸ்ட்ரிங்கன்வ்’ கொண்டு முதல் எழுத்தைப் பெரிதாக்கவும். புள்ளியை எடுக்காமல் இதைச் செய்தால், புள்ளிக்கு அடுத்து ஒட்டி நிற்கும் பெயர் சின்ன எழுத்திலேயே நின்றுவிடும். அதுக்குத்தான் இந்த வரிசை.

5. ‘ஸ்ப்ளிட்’ மூலம் சொற்களைப் பிரிக்கவும். ஒரே எழுத்து உள்ள சொல் இனிஷியல், மற்றவை பெயர். பெயரை முன்னும் இனிஷியலைப் பின்னும் சேர்த்து விடையாகத் தரவும்.

மேலே சொன்ன மூன்று விதமும் இப்போது ‘குமார் எஸ்’ என்றே வரும். ஃபைலை மேக்ரோ அனுமதி உள்ள எக்ஸ்எல்எஸ்எம் வகையில் சேமியுங்கள். இல்லாவிட்டால் எழுதியது போய்விடும். புதிய எக்ஸெலில் மேக்ரோ இல்லாமலே ‘லாம்டா’ மூலம் சொந்த பங்ஷன் அமைக்கலாம்.

பங்ஷனுக்கு விடக்கூடாதவை

ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துச் சொல் வந்தால் அதை இரண்டு இனிஷியல் என்று பிரிக்கச் சொல்லாதீர்கள். ‘ஓம் பிரகாஷ்’ என்பவரின் பெயரே சிதைந்துவிடும். அத்தகைய வரிகளுக்கு அடையாளம் மட்டும் போட்டு, கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தமிழில் உள்ள பட்டியலுக்கு இந்த பங்ஷன் அப்படியே பொருந்தாது. ‘கோபால்’ நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ‘லென்’ போட்டால் 6 என்று வரும். ‘லெஃப்ட்’ போட்டு ஒரு எழுத்து கேட்டால் ‘கோ’ வராது, ‘க’ மட்டும் வரும். ‘கோ’ என்று இனிஷியல் போடுபவரின் தகப்பனார் பெயரே மாறிவிடும்!

லட்சுமி, லக்ஷ்மி என்ற எழுத்து வேறுபாட்டையும் பங்ஷன் தீர்மானிக்கக் கூடாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். பழைய பெயரை அழிக்காமல், திருத்தியதைப் பக்கத்துக் காலத்தில் வையுங்கள். இரண்டு ‘குமார் எஸ்’ வந்தால் ஒன்றை நீக்கிவிடாதீர்கள். பதிவு எண்ணைப் பாருங்கள். அவர்கள் நிஜமாகவே இரண்டு பேராக இருக்கலாம்.

நண்பர்களே, இறுதி செமஸ்டர் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் மார்க் ஷீட், ஆதார், பாஸ்புக் மூன்றையும் இன்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே விண்ணப்பித்துத் திருத்திக் கொள்ளுங்கள். லேபில் ஒரு மணி நேரம் கிடைத்தால் உங்கள் வகுப்புப் பட்டியலில் இந்த பங்ஷனைச் செய்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், சேர்ந்தே தீர்ப்போம்.