ரேடாரில் தெரிந்தால் போதுமா?

ஜக்கூரிலிருந்து வி.எஃப்.ஆரில் (கண்ணால் பார்த்துப் பறக்கும் முறை) பறக்கிறேன். கன்ட்ரோலர் ‘ரேடார் கான்டாக்ட்’ சொல்லிவிட்டால், மற்ற விமானங்களிடமிருந்து என்னை விலக்கிவைப்பது அவர் பொறுப்புதானே?
– பயிற்சி விமானி, பொம்மனஹள்ளி

இல்லை. இந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள். திரையில் தெரிவது நீங்கள்தான் என்று அடையாளம் கண்டுகொண்டார், அவ்வளவுதான். டி வகை வான்வெளியில் அவர் இடைவெளி தருவது ஐ.எஃப்.ஆர். (கருவிகளைக் கொண்டு பறக்கும் முறை) விமானங்களுக்கு இடையில். உங்களுக்குக் கிடைப்பது தகவல் மட்டுமே: ‘டிராஃபிக், டூ ஓ கிளாக், த்ரீ மைல்ஸ்’. தேடிப் பார்த்து விலகுவது உங்கள் வேலை. பக்கத்திலேயே எலஹங்கா விமானப்படைத் தளம், வடக்கே தேவனஹள்ளி, தெற்கே எச்.ஏ.எல். இத்தனைக்கும் நடுவில் பறந்துகொண்டு, தலையைக் குனிந்து டேப்லெட்டில் மேப் பார்க்கிறீர்கள்!

இன்னொன்று. பார்க்காமலேயே ‘டிராஃபிக் இன் சைட்’ சொல்லும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. 1978 செப்டம்பர் 25, சான் டியேகோ. வானம் தெளிவாக இருந்தது. இறங்கிக்கொண்டிருந்த பி.எஸ்.ஏ. போயிங் 727-க்கு முன்னால் ஒரு செஸ்னா 172 போவதாக கன்ட்ரோலர் சொன்னார்; தெரிகிறது என்றார்கள். பிறகு அது கண்ணிலிருந்து மறைந்தது. ‘காணவில்லை’ என்று தெளிவாகச் சொல்லவில்லை. ரேடார் அறையில் மோதல் எச்சரிக்கை ஒலித்தது. விமானிதான் பார்த்துவிட்டாரே என்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு விமானங்களும் மோதின; தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 உயிர்கள் போயின. கண்ணில் பட்டால் மட்டும் ‘இன் சைட்’ சொல்லுங்கள். மறைந்தால் அந்த நொடியே சொல்லுங்கள். கன்ட்ரோலர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கன்ட்ரோலர் கொடுத்த ஹெட்டிங் நேரே மேகத்துக்குள் போகிறது. என்ன செய்வது?
– எஸ்., ஓசூர்

‘அனேபிள்’ என்று சொல்லி, காரணத்தையும் சொல்லுங்கள். மேகம் அவர் திரையில் உங்களுக்குத் தெரிவதுபோலத் தெரியாது. வெக்டர் கொடுத்தாலும் வி.எஃப்.ஆர். விமானத்துக்கு மேகத்தையும் மலையையும் தவிர்க்கும் பொறுப்பு விமானியிடம்தான்.

என் மகள் முதல்முறையாகத் தனியாக மைசூர் வரை பறக்கப்போகிறாள். வழி தவறிவிட்டால்?
– ஒரு தாய், பொம்மனஹள்ளி

பயப்படாதீர்கள் அம்மா. வழி தெரியவில்லை என்று ரேடியோவில் சொன்னால் போதும். டிரான்ஸ்பாண்டரில் ஐடென்ட் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். திரையில் அவள் விமானம் தனித்துத் தெரியும். உடனே எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்று வரும். தாழப் பறந்தால் ரேடாருக்கு எட்டாமல் போகலாம், அதனால் கொஞ்சம் மேலே ஏறச் சொல்வார்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் இருப்பதுதான் ஆபத்து. ‘உடனே கேள், கண்ணு’ என்று சொல்லி அனுப்புங்கள்.

டிரான்ஸ்பாண்டர் ‘ஆன்’ நிலையில் இருந்தால் போதாதா? ‘ஆல்ட்’ எதற்கு?
– கே., கோயம்புத்தூர்

உயரம் தெரியத்தான். 1996 நவம்பர் 12 அன்று சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தபோது, டெல்லி ரேடாரில் உயரம் தெரியாது. இன்று தெரியும் வசதி இருக்கிறது. குமிழை ‘ஆல்ட்’டுக்குத் திருப்புங்கள்.