நோட்டில் 'வெரி குட்', தேர்வில் தப்பு: ஏன்?

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குத் தினமும் ஒன்றரை மணி நேரத்துக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது. தப்பு இருந்தால் அழிக்கச் சொல்லி, சரியாக எழுதவைத்துத்தான் அனுப்புகிறேன். நோட்டு முழுக்க 'வெரி குட்'. ஆனால் வளரறி மதிப்பீட்டுக்காக வகுப்பில் வைக்கும் சிறு தேர்வில் கழித்தல் கணக்குகூடத் தப்பாகிறது. டியூஷனில் சேர்க்கட்டுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: டியூஷனுக்கு முன் வீட்டிலிருக்கும் அழிரப்பரைக் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள். 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளையைக் கவனக்குறைவு என்று திட்டுகிறோம். உண்மையில் அவன் ஒரு விதியைத்தான் பின்பற்றுகிறான்: 2-இல் 7 போகாது என்றதும், 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறான். கடன் வாங்குவது அவனுக்கு இன்னும் புரியவில்லை. அந்த 35 அப்படியே நோட்டில் இருந்தால் ஆசிரியருக்குக் காரணம் உடனே பிடிபடும். வீட்டிலேயே அது 25 ஆகிவிட்டால், 'வெரி குட்' போடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அந்தப் பாராட்டு உங்களுக்குக் கிடைத்தது. சிறு தேர்வில்தான் உங்கள் மகன் தனியாக எழுதுகிறான்.

நேரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பதற்கும் ஆதாரம் குறைவு. அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு உயர்வகுப்புகளில் தெளிவாகவும் தொடக்க வகுப்புகளில் மிக மெல்லியதாகவும் தெரிந்தது. மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறது; மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம் என்கிறது. உங்கள் மகன் இரண்டாம் நாள் மாலையிலேயே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறான். மதிப்பெண்ணும் எப்போதும் உதவுவதில்லை. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், எங்கே திருத்தலாம் என்ற குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்த கண் குறிப்புக்குப் போவதில்லை போலும்.

பயிற்சி இல்லாமல் வாய்ப்பாடு வருமா என்று கேட்பீர்கள். வராது. வாய்ப்பாடு சொல்வதும் ஒரு பக்கம் உரக்க வாசிப்பதும் தினமும் பத்து நிமிடம் நடக்கட்டும். அதற்கு மதிப்பெண் எதற்கு? படிக்கும் பழக்கம் போய்விடுமே என்றால், அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பென்சிலைத் தொடுவது என்பதும் ஒரு பழக்கம்தான். நாற்பது பிள்ளைகளுக்கு ஆசிரியர் எப்படிக் குறிப்பு எழுதுவார் என்பது நியாயமான கேள்வி. பத்துக் கணக்கு கொடுத்து நாற்பது நோட்டிலும் டிக் அடிப்பதைவிட, மூன்று கணக்கு கொடுத்து, ஒரே மாதிரித் தப்பு செய்தவர்களைச் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லித்தருவது அவருக்கும் சுலபம். சொல்லித்தர ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அதுவே நியாயம். வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் போட்டால் அங்கே அளக்கப்படுவது பெற்றோரின் படிப்பு.

ஆகவே, இன்றிரவு கணக்கை அவனாகவே போடட்டும். தப்பு இருந்தால் அப்படியே விட்டு, டைரியில் 'இவனாகப் போட்டது, கடன் வாங்கும் இடத்தில் தடுமாறுகிறான்' என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். சில வாரங்களுக்கு 'வெரி குட்' குறையும். அதற்காக அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எவ்வளவு மார்க் என்று தொடங்காமல், கழித்தலில் இப்போது எந்தப் படி வரை வந்திருக்கிறான் என்று கேளுங்கள். அதற்கு ஆசிரியரிடம் தெளிவான பதில் இருந்தால், டியூஷன் பணம் மிச்சம்.