கணினியில் ஒரு சாரம்

தோழிகளே, எங்கப்பா கொத்தனார். சுவர் உயர உயர சவுக்குக் கம்பில் சாரம் கட்டுவார். கணினியிலும் சாரம் உண்டு! டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைன்மெயர் ஹான்சன் 2004-ல் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸில் நான் கட்டிப் பார்த்தேன். நம்ம வகுப்பு நூலகப் பட்டியலுக்காக ஒரு ஏபிஐ சர்வர். அழகான பக்கம் எதுவும் காட்டாது. கேட்கிற செயலிக்குத் தகவலை மட்டும் எடுத்துக் கொடுக்கும்.

கறுப்புத் திரையில் 'ரெயில்ஸ் நியூ நூலகம் --ஏபிஐ' என்று (ஆங்கில எழுத்தில்தான்) அடித்தேன். கடகடவென்று கோப்புகள் விழுந்தன. அந்த ஃபோல்டருக்குள் போய், 'ரெயில்ஸ் ஜெனரேட் ஸ்கஃபோல்டு புக் டைட்டில் ஆத்தர்'. ஸ்கஃபோல்டு என்றால் சாரமேதான்! சர்வரை ஓட்டி, பிரவுசரில் 3000-ஆம் போர்ட்டைத் திறந்தால் பிழை. 'ரெயில்ஸ் டிபி:மைக்ரேட்' போட மறந்துட்டேன். தகவல் தளத்தில் அட்டவணை போடும் கட்டளை அது. போட்டதும் [ ] என்று வெறும் அடைப்புக்குறி வந்தது. கெட்டுப்போச்சோன்னு பயந்தேன். இல்லை, இன்னும் புத்தகமே சேர்க்கலைன்னு அர்த்தம்.

வேலை முடிஞ்சா அப்பா சாரத்தைப் பிரிச்சிடுவார். இங்கே சாரமே சுவராயிடுது. சேர்க்க, திருத்த, அழிக்க எல்லா வழியும் தானே திறந்து வைக்கும், பூட்டு போடாது. இதை இணையத்தில் அப்படியே ஏற்றினால், முகவரி தெரிந்த யாரும் நம்ம பட்டியலை அழிச்சிடலாம்! அதனால் ரூட்ஸ் கோப்பில் 'ஒன்லி: இண்டெக்ஸ், ஷோ' என்று சேர்த்து, பார்க்கும் வழியை மட்டும் விட்டேன். புத்தகங்களை ரெயில்ஸ் கன்சோல் வழியா நானே ஏத்துறேன். இதுவரை 12 ஆச்சு.