பக்கக் கணக்கா, பைட் கணக்கா? பார்த்துக்கோ தங்கச்சி!

லினக்ஸ் டிரைவருக்கு முதல் முறையா எம்மேப் எழுதப் போறியா? அக்கா ரெண்டு ராத்திரி கண்முழிச்சுக் கத்துக்கிட்டதைச் சொல்றேன், கேட்டுக்கோ.

எங்க கார்டோட ரிஜிஸ்டர் இடம் மொத்தமே 8192 பைட். டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனா ஆஃப்செட்டைத் தப்பாக் கொடுத்த ஒரு புரோகிராம் ஓடினா மட்டும் மெஷின் அப்படியே நின்னுடும். கோடுல எல்லை செக் இருக்கத்தான் செஞ்சுது. ஆனா கெர்னல் நம்ம கையில கொடுக்குற விஎம்_பிஜிஆஃப் பக்கக் கணக்கு. நாங்க ஒப்பிட்டதோ பைட் கணக்கோட. 5 வந்துது. 8192-ஐ விடச் சின்னதுதானேன்னு உள்ளே விட்டுட்டோம். 4096 பைட் பக்கத்துல 5-ன்னா 20480 பைட் தள்ளி! அது நம்ம இடமே இல்லை, பக்கத்து டிவைஸோட ரிஜிஸ்டர்.

அதனால முதல்ல மொத்த இடத்தையும் கேட்கிற நீளத்தையும் பக்கமா மாத்து. அப்புறம் கூட்டாதே, கழி. ஆரம்பத்தையும் நீளத்தையும் கூட்டினா, பெரிய எண் வரும்போது சுத்திவந்து சின்னதாயிடும், செக் ஏமாந்துடும். ஆரம்பம் மொத்தத்தைத் தாண்டுதா? திருப்பி அனுப்பு. மொத்தத்துல ஆரம்பத்தைக் கழிச்ச மீதியைவிட அதிகமா கேட்கிறாங்களா? அதையும் திருப்பி அனுப்பு.

இந்தத் தப்பு பல டிரைவர்ல இருந்ததாலதான், 2013-ல லைனஸ் டோர்வால்ட்ஸே விஎம்_ஐஓமேப்_மெமரின்னு ஒரு ஃபங்ஷன் சேர்த்தார். செக்கை அதுவே பார்த்துக்கும். ரிஜிஸ்டர்னா அதைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி பிஜிபிராட்_நான்கேஷ்ட் போட்டுடு. அதை இந்த ஃபங்ஷன் செய்யாது. டிஎம்ஏ பஃபர்னா இது வேண்டாம், டிஎம்ஏ_எம்மேப்_கோஹெரென்ட் இருக்கு.

4096-னு கையால எழுதிடாதே, பேஜ்_சைஸ்னே எழுது. ஆர்ம் 64 மெஷின்ல பக்கம் 64 கேபியாக்கூட இருக்கலாம். அங்கே நம்ம 8192 ஒரு பக்கத்துக்கே காணாது. மீதி இடமும் சேர்ந்து வெளியே போயிடும். அந்த மாதிரி குட்டி இடத்துக்கு எம்மேப்பே கொடுக்காம ஐஆக்டில்ல முடிச்சுக்கறது நல்லது.

படிக்க மட்டும்னு கொடுத்தா, எழுதுற மேப்பை மறுத்தா மட்டும் போதாது. எம்ப்ரொடெக்ட் போட்டு அப்புறமா திறந்துடுவாங்க. விஎம்_மேரைட் ஃபிளாகையும் எடுத்துடு.

திருத்தின பிறகு 4 கேபி மெஷின்ல நீயே கேட்டுப் பாரு: ஆஃப்செட் 0-ல 2 பக்கம் கிடைக்கணும், 3 கிடைக்கக் கூடாது. ஆஃப்செட் 1-ல 1 கிடைக்கணும், 2 கிடைக்கக் கூடாது. இந்த நாலும் சரியா வராம பேட்சை அனுப்பாதே, கண்ணு.