தூசுத் திரைக்குள் விண்மீன் குழவிகள்

மொட்டை மாடியில் படுத்துக் கார்த்திகை மீன்களை எண்ணிப் பாராதார் நம்மில் யார்? கண்ணுக்கு ஆறு, தொலைநோக்கிக்கோ நூற்றுக்கணக்கு. அக்கொத்து பிறந்து ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனை ஈன்ற வாயுவும் தூசும் என்றோ விலகிவிட்டமையால் எளிதில் காண்கிறோம். ஆனால், பிறந்து சில இலட்சம் ஆண்டுகளே ஆன கொத்துகள் இன்னும் தூசு மேகத்துக்குள் மறைந்து கிடக்கின்றன. பால்வழியின் வட்டத்தட்டில் அத்தகைய மேகங்கள் மிகுதி. அவற்றை எவ்வாறு தேடுவது?

நாம் வாழும் ஐதராபாத்திலிருந்தே தொடங்குவோம். 1901-இல் நவாப் ஜாபர் ஜங் நிறுவிய நிஜாமியா வானாய்வுக்கூடம், 1919-இல் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பல நாட்டு வானாய்வுக்கூடங்கள் வானத்தைப் பங்கிட்டுப் படமெடுத்தபோது, வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 17 பாகை முதல் 23 பாகை வரையுள்ள பட்டையை ஐதராபாத் ஏற்றது. இலட்சக்கணக்கான விண்மீன்களைத் தகடுகளில் அளந்து பட்டியலிட்டனர்.

அதே பட்டையில், தனுசு இராசிப் பக்கம், டபிள்யூ 31 என்னும் மேகம் உள்ளது. அதனுள் ஓர் இளங்கொத்து உண்டு. ஐதராபாத்தின் தகடுகளில் அது பதியவில்லை. 2001-இல் பிளம், டாமினெலி, கான்டி ஆகிய மூவர் அகச்சிவப்பு ஒளியில் அதன் விண்மீன்களை ஆராய்ந்து வெளியிட்டனர்.

காரணம் எளிய கணக்கே. 5 ஒளித்தரம் என்பது 100 மடங்கு. தூசு 15 ஒளித்தரம் மறைத்தால், 10 இலட்சத்தில் ஒரு பங்கு ஒளியே நம்மை அடையும். அலைநீளம் கூடினால் தூசின் தடை குறையும். 2.2 மைக்ரான் அகச்சிவப்பில் மறைப்பு ஏறத்தாழப் பத்தில் ஒன்று, அதாவது 1.5 ஒளித்தரந்தான். ஆகவே கால் பங்கு ஒளி தப்பி வந்துவிடுகிறது!

1997 முதல் 2001 வரை அரிசோனாவிலும் சிலியிலும் நிறுவிய இரு தொலைநோக்கிகள் வானம் முழுவதையும் அகச்சிவப்பில் அளந்தன. அப்பட்டியல் எல்லார்க்கும் பொது. அதைத்தான் விடுதி அறையில் அமர்ந்து சலிக்கிறேன். வானத்தைச் சிறு கட்டங்களாக்கி, எந்தக் கட்டத்தில் விண்மீன் நெருக்கம் என்று பார்ப்பதே முறை.

சென்ற ஆண்டு ஒரு நெருக்கம் அகப்பட்டது. மூன்று வாரம் தரையில் கால் பாவவில்லை. அம்மாவுக்குக்கூடத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். என் ஆசிரியர் ஒன்றே கேட்டார்: அவ்விடத்தில் தூசுத் திரை கிழிந்திருந்தால்? உண்மையான இளங்கொத்தைச் சுற்றியுள்ள தூசு சூடேறி நீண்ட அகச்சிவப்பில் ஒளிரும். அதன் விண்மீன்களும் அக்கம்பக்கத்தவற்றைவிடச் சிவந்திருக்கும். என் கட்டத்தில் ஒளிர்வு இல்லை, சிவப்பும் குறைவு. திரையின் ஓட்டை வழியே பின்னாலுள்ள விண்மீன்கள் கூடுதலாகத் தெரிந்தன, அவ்வளவே. செகந்திராபாத் நிலையத்தில் சென்னை வண்டிக்குக் காத்திருப்போரெல்லாம் ஒரே குடும்பத்தாரா? பெயரை அடித்துவிட்டேன்.

இத்தனை பாடு எதற்கு எனலாம். மிகப் பெரிய விண்மீன்களின் ஆயுள் சில பத்து இலட்சம் ஆண்டுகளே. திரை விலகட்டும் என்று காத்திருந்தால், அவற்றுட் சில வெடித்தே மறைந்திருக்கும். பிறப்பை அறியத் தொட்டிலைத்தான் பார்க்கவேண்டும். அடுத்த கட்டத்தை நாளை எடுக்கிறேன். கணக்கில் விருப்பமுள்ள தோழர்கள் உடன் வரலாம்.