பெற்றோர் பிரிந்தால் பிள்ளை யார் பெயரில்?

கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், லால்பேட்டை என நம் ஊர்களில் ஒரு மணவாழ்வு முறிந்தால், மஹர், நகை, சீர்ப் பொருள்களைப் பற்றி ஜமாஅத்தில் பேசித் தீர்க்கிறோம். இத்தாவும் கழிந்து விடுகிறது. ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் புதிய வழக்கு முளைக்கிறது. பிள்ளையின் இனிஷியல் யாருடையது? “செலவுக்குக் காசு தராதவன் பெயர் எதற்கு?” என்பார்கள் தாய் வீட்டார். “எங்கள் வாரிசு, எங்கள் பெயர்தான்” என்பார்கள் தந்தை வீட்டார். மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

வம்சம் வேறு, வளர்ப்பு வேறு

நபி (ஸல்) அவர்கள் வளர்த்த ஜைத் (ரலி) அவர்களை மக்கள் ‘ஜைது இப்னு முஹம்மது’ என்றே அழைத்து வந்தனர். வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தந்தையின் பெயராலேயே அழைக்கும்படி அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆவது வசனம் இறங்கியது. அன்று முதல் அவர் ‘ஜைது இப்னு ஹாரிஸா’ ஆனார். அறிந்துகொண்டே தன் தந்தையல்லாத ஒருவரைத் தந்தை என்று சொல்லிக் கொள்வதை ஹதீஸ்கள் கடுமையாக எச்சரிக்கின்றன.

தலாக்கோ குலாவோ கணவன் மனைவி உறவைத்தான் அறுக்கிறது. தந்தை பிள்ளை உறவை அறுப்பதில்லை. வாரிசுரிமை, நிக்காஹில் வலீ, யாரை மணக்கலாகாது என்னும் விலக்கு ஆகிய அனைத்தும் வம்சத்தைப் பற்றியே நிற்கின்றன. வம்சம் மறைந்தால் ஒரு தந்தையின் மக்களே அறியாமல் மணம் பேச நேரலாம்.

எனவே தாய் மறுமணம் செய்தாலும் புதிய கணவரைத் தந்தை என்று பதிவதற்கு இடமில்லை. அவர் அன்புடன் வளர்க்கலாம், ஹிபாவாகக் கொடுக்கலாம், தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத்தும் செய்யலாம்.

தாயின் பெயர் கூடாதா?

ஈஸா (அலை) அவர்கள் மர்யமின் மகன் என்றே அறியப்படுகிறார்கள். அவர்களுக்குத் தந்தை இல்லை. ஆனால் தந்தை இருந்தும் தாயின் பெயரால் அறியப்பட்டவர்களும் உண்டு. அலீ (ரலி) அவர்களின் மகனார் முஹம்மது இப்னுல் ஹனஃபிய்யா, ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு புஹைனா (ரலி) ஆகியோர் அத்தகையோர். அவர்களுடைய தந்தை யார் என்பது எவருக்கும் மறைக்கப்படவில்லை. ஆகவே தாயின் பெயரைச் சேர்ப்பது வேறு, தந்தையை மறைப்பது வேறு என்பதை உணர வேண்டும்.

சட்டத்தின் நிலை

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பிழையான பதிவைத் திருத்தவே வழி செய்கிறது. மணமுறிவு தந்தையின் பெயரைப் பிழையாக்கி விடாது. 2016 டிசம்பர் முதல் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயரே போதும். தந்தை இறந்தபின் மறுமணம் செய்த ஒரு தாயின் வழக்கில், பிள்ளையின் கடைசிப் பெயரை முடிவு செய்யும் உரிமை அவருக்கு உண்டென 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டம் அனுமதிக்கும் இடத்திலும், வம்சத்தை மறைக்காதிருப்பது நம் பொறுப்பு.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் அனுமதியில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. தந்தையின் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. வளைகுடாப் பிழைப்பை நம்பும் வீடுகளில் பெயர்ச் சண்டையால் யாருக்கு நஷ்டம் என்பதை இதிலிருந்தே அறியலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

தந்தையே! பிள்ளை தாயிடம் வளர்ந்தாலும் அதன் உணவும் உடையும் உங்கள் கடமை. பெயரைக் காட்டி அதை நிறுத்தக் கூடாது. தாயே! அவர் கடமை தவறினால் ஜமாஅத்திலும் நீதிமன்றத்திலும் கேளுங்கள். பிள்ளையின் வம்சத்தை அழித்துப் பழி தீர்க்காதீர்கள்.

ஜமாஅத்தார் பிரிவினை எழுதும்போதே பிள்ளையின் பெயர், இனிஷியல், செலவு மூன்றையும் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். பிறப்புச் சான்று, பள்ளிப் பதிவு, பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கட்டும்.

பிள்ளை பெற்றோர் இருவருக்கும் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணி நடக்க நம் அனைவருக்கும் அவன் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.