கழிவு நீரும் கோரைக் காடும்

ஓர் ஊரின் பெருமையை அதன் மாளிகைகளைக் கொண்டு மதிப்பிடுவோர் பலர். ஆனால், அவ்வூர் தான் பயன்படுத்திய நீரை எந்நிலையில் வெளியே விடுகின்றது என்பதைக் கொண்டும் அதன் நாகரிகத்தை அறியலாம். குளித்த நீரும், துணி துவைத்த நீரும், கழிப்பிடத்து நீரும் ஊரெல்லையைக் கடந்தவுடன் மறைந்துவிடுவதில்லை. ஆற்றையோ, ஏரியையோ, கடலையோ சென்று சேர்கின்றன. அங்கே பிறர் நீர் முகப்பர், மீன் பிடிப்பர். ஆதலின், தன் அழுக்கைத் தானே அகற்றுதல் ஒவ்வோர் ஊரின் கடமையாகும். அக்கடமையைப் புதுமையான முறையில் நிறைவேற்றிய சிறு நகரம் ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு.

கலிபோர்னியா மாநிலத்தின் வடபகுதியில், ஹம்போல்ட் விரிகுடாவின் கரையில் ஆர்கேட்டா என்னும் அந்நகரம் அமைந்துள்ளது. மரம் அறுக்கும் தொழிலால் வளர்ந்த அவ்வூரில் 20,000-க்கும் குறைவான மக்களே வாழ்கின்றனர். தொடக்கத்தில் அவ்வூர்க் கழிவு நீர் அப்படியே விரிகுடாவிற் கலந்தது. 1949-இல் அழுக்குப் படியும் தொட்டிகளும், 1957-இல் அகன்ற குளங்களும் அமைக்கப்பெற்றன.

1974-இல் மாநில அரசு ஒரு கட்டளை பிறப்பித்தது. கழிவு நீரால் விரிகுடாவின் வளம் பெருகும் என்று மெய்ப்பித்தாலன்றி, அதனை அங்கே விடுதல் கூடாது என்பதே அது. அண்டை ஊர்கள் அனைத்திற்கும் பொதுவாக ஒரு பெரிய நிலையம் அமைத்து, நெடுங்குழாய்களின் வழியே நீரைத் திறந்த கடலுக்கு அனுப்பும் திட்டமும் எழுந்தது. அதன் செலவோ, சிற்றூர் மக்கள் தாங்கற்கரியது. அவ்வூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான ஜார்ஜ் ஆலன், ராபர்ட் கியர்ஹார்ட் ஆகியோர் வேறு வழி நாடினர். ஆலன், தூய்மை செய்த கழிவு நீரைக் கடல் நீரோடு கலந்து, அதில் சால்மன் மீன் குஞ்சுகளை வளர்த்துக் காட்டியவர். 1979 முதல் 1982 வரை சிறு சதுப்பு நிலங்களில் சோதனைகள் நடைபெற்றன. அவற்றின் பயனைக் கண்ட அரசு இசைவு தந்தது. 1986-இல் புதிய முறை நிறைவுற்றது.

அம்முறை எளியது. கழிவு நீர் முதலில் தொட்டியில் தங்கும். கனமான அழுக்கு அடியிற் படியும். தெளிந்த நீர் குளங்களுக்குச் செல்லும். அங்கே கதிரவன் ஒளியில் பாசிகள் பிராணவாயுவை வெளியிட, அதனைக் கொண்டு நுண்ணுயிர்கள் எஞ்சிய அழுக்கைத் தின்று அழிக்கும். ஆயினும், பாசி மிகுந்த நீரை அப்படியே விட்டால் அப்பாசி அழுகி மீண்டும் கேடு விளைக்கும். ஆகவே, கோரையும் சம்பும் அடர்ந்த சதுப்பு நிலத்தின் வழியே நீர் மெல்லச் செலுத்தப்படும். செடிகளின் நிழலில் ஒளி பெறாத பாசி மடிந்து அடியிற் படியும். நீரில் மூழ்கிய தண்டுகளின்மேல் படர்ந்துள்ள நுண்ணுயிர்கள் எஞ்சிய மாசைப் போக்கும். நோய்க்கிருமிகளை ஒழித்த பின்னரே நீர் விரிகுடாவை அடையும்.

பயனற்றுக் கிடந்த பழைய குப்பைமேடும் கரையோர நிலங்களும் இத்திட்டத்தால் புத்துயிர் பெற்றன. 307 ஏக்கர் பரப்புள்ள அச்சோலையில் 300-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் காணப்பெற்றுள்ளன. மக்கள் மூக்கைப் பொத்தி விலகிச் செல்லும் இடமாக இருக்கவேண்டிய அது, உலாவி மகிழும் இடமாயிற்று.

எனினும், கோரை தானே எல்லாம் செய்துவிடும் என்று எண்ணுதல் தவறு. படிந்த சேற்றை அகற்றவேண்டும். மிகுந்த செடிகளைக் களையவேண்டும். ஆலை நஞ்சு கலவாமற் காக்கவேண்டும். போதிய நிலமும், இடையறாத கண்காணிப்பும் இன்றியமையாதவை. இயற்கை உழைக்க அணியமாய் இருக்கின்றது. அதற்கு ஏற்ற இடமும் காலமும் தந்து துணைநிற்பது மனிதன் கடமை. அக்கடமையில் தவறாத ஊரே தானும் வாழ்ந்து, பிறரையும் வாழவைக்கும்.